அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு?

உங்கள் கண்ணாடி இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள் மேடம். கண்ணாடிக் கடையில் இத்தனை வருடம் வேலை பார்த்தவனுக்கு, எதிரே யார் உட்கார்ந்தாலும் பார்வை முதலில் மூக்கின் மேல்தான் போகும். சட்டத்தின் காலைச் சற்றுச் சூடாக்கி வளைத்தால் சரியாகிவிடும். அப்படியே விட்டால் சாயந்தரமானால் தலை வலிக்கும். இந்த மாதிரி ஒரு சின்னக் கோணலை மூக்கில் சுமந்துகொண்டு, தலையை ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைக்க எதுவும் இல்லை. நடுவில் நிறுத்தி, ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். முழுதாகக் கேட்டால் உங்களுக்கே விளங்கும். எங்கள் வீட்டில் யாரும் எதையும் முழுதாகக் கேட்டதில்லை. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், தம்பி. நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டார். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ரயிலில் அரை நாள் தூரத்தில் கணவர், பிள்ளைகளோடு இருக்கிறாள். தம்பி கடல் தாண்டிப் போய், மீனும் இறைச்சியும் உறைய வைக்கிற கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். நான் அம்மாவோடு இருந்தேன். யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் எனக்கு ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. அப்புறம் பேச்சு வருவதே நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முழங்கால் போன பிறகு அம்மா கீழே இறங்குவதை விட்டுவிட்டாள். ஹாலில் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் எதிரே இருசக்கர வண்டி ஒர்க்‌ஷாப்பும் பஸ் நிறுத்தமும் தெரியும். அவள் உலகம் அவ்வளவுதான் என்று ஆகிவிடக் கூடாதே என்றுதான் ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். 'நம்ம வீடு' என்று குழு ஆரம்பித்ததும் நான்தான். குழுவில் நாங்கள் மூவரும் அம்மாவும். தம்பி மனைவியையும் அக்கா வீட்டுக்காரரையும் சேர்க்கவில்லை. நாம் மட்டும் இருப்போம் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? தம்பி மகளுக்கு முதல் பல் முளைத்ததை, அவள் பிறந்த ஊரில் இருக்கிறவர்கள் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் அம்மா பார்த்தாள். திரையைத் துடைத்துத் துடைத்து முத்தம் கொடுப்பாள். அக்கா காலையில் ரோஜாப்பூ போட்டு வணக்கம் அனுப்புவாள். அவள் குரல் பதிவுகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கும், குக்கர் விசில் வந்தால்தான் முடியும். தம்பிக்குப் பத்து வரி எழுதினால் ஒரு கட்டைவிரல் வரும். அம்மா அந்தக் கட்டைவிரலைக்கூட எனக்குக் காட்டி, "பார்த்துட்டான்" என்பாள். போன் வந்துதான் குடும்பங்கள் கெட்டுப்போயின என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்த ஒரு வருடம் நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில் இருந்தோம். கடைக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்வேன்.

கெடுத்தது ஒரு இதயக் குறி. அக்கா வீட்டுக்காரர் ஃபேஸ்புக்கில் தன்னுடைய பக்கத்தில் யாரோ எழுதியதை எடுத்துப் போட்டிருந்தார். பெற்றவர்களை வீடியோவில் மட்டும் பார்க்கிற பிள்ளைகள், அவர்களின் கடைசிப் பயணத்தையும் வீடியோவிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்று. அவர் யாரையும் மனதில் வைத்துப் போடவில்லை. அந்த மனிதர் எதையுமே மனதில் வைத்துப் போடுகிறவர் இல்லை. ஆனால் அதன் கீழே அக்கா ஒரு இதயம் வைத்துவிட்டாள். தம்பி மனைவி கண்ணில் அது பட்டது. மாமியாரை ஒரு வாரம்கூடத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளாதவர்கள் இதைப் பகிர்வது வேடிக்கை என்று அவள் எழுதினாள். சித்தப்பா பிள்ளைகள் அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டார்கள். அக்காவின் மகன் ஏதோ பதில் எழுதினான். சாயந்தரத்துக்குள் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் எங்கள் அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அப்போது கடையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தான். என் பெயரை யாரும் எடுக்கவே இல்லை.

மறுநாள் குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. தம்பி வெளியேறினார்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே. அவன் என்னைக் கூப்பிட்டு அவளைப் பற்றிச் சொல்வான். அவள் என்னைக் கூப்பிட்டு அவனைப் பற்றிச் சொல்வாள். ஒருவர் சொன்னதைச் சலித்து, கல்லை எடுத்துவிட்டு, மற்றவரிடம் கொடுப்பேன். அவர்கள் அதிலும் கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். ஒரு வார்த்தை நேரே பேசிவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. "நீ நல்லவன்டா, உனக்கு இதெல்லாம் புரியாது" என்பாள் அக்கா. தம்பி "உனக்கென்ன, நீ அங்க நிம்மதியா இருக்க" என்பான். அம்மா தினமும் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, சின்னவன் ஏன் ஒன்றும் போடவில்லை என்று கேட்பாள். அங்கே நெட் சரியில்லை என்பேன். எத்தனை நாளைக்கு ஒரு நாட்டில் நெட் சரியில்லாமல் இருக்கும்?

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. அப்புறம் அம்மாவுக்கு நிஜமாகவே முடியாமல் போனது. நிஜமாகவே என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் தடவைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் நீர் தேங்குகிறது என்றார் டாக்டர். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவள் படுத்திருந்ததைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன், தம்பிக்கும் தனியாக அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவனிடமிருந்து வந்தது: 'என்னைச் சேர்.' சேர்த்தேன். அக்கா ரயில் ஏறி வந்தாள். அவள் போனில் தம்பியின் முகம், கட்டிலில் அம்மா. தம்பி அழுதான். அக்கா, "அழாதடா, நான் இருக்கேன்ல" என்றாள். அந்த வார்த்தையை வாங்க நான் ஒரு வருடம் நாயாய் அலைந்திருந்தேன். குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே அம்மா சிரித்தாள். அவ்வளவு நல்ல சிரிப்பு.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம்தான் சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும், நீர் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. நான் தலையாட்டினேன். கொடுத்தேன். வேளை தவறாமல் கொடுத்தேன். அவள் தேறினாள். நாற்காலிக்கு நடந்து போகிற அளவுக்குத் தேறினாள்.

அவள் தேறத் தேற அவர்கள் இருவரும் பழைய நிலைக்குப் போனார்கள். கிளம்புவதற்கு முன்னால் அக்கா, அம்மாவுக்கு ஸ்பூனில் ஊட்டுகிற மாதிரி ஒரு படத்தைத் தன் பக்கத்தில் போட்டாள். கடைசிவரை கூட நிற்பவள் மகள்தான் என்று கீழே எழுதியிருந்தாள். தம்பி அதைப் பார்த்துக் கொதித்துப் போனான். இத்தனைக்கும் அந்தப் படத்தை எடுத்தவன் நான். என் விரல் நுனி ஓரத்தில் மங்கலாக விழுந்திருந்தது. அக்கா அதை வெட்டிவிட்டுத்தான் போட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருவரும் மறுபடி பேச்சை நிறுத்தினார்களே என்பதுதான் எனக்கு எரிச்சல். தம்பி குழுவை விட்டுப் போகவில்லை, ஆனால் பார்ப்பதோடு சரி. மூன்று பேருக்கும் நீல டிக் விழும். ஒருவரும் ஒன்றும் எழுத மாட்டார்கள். அதைவிட வெளியேறியிருக்கலாம்.

அதன் பிறகு ஒரு வாரம் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. ஒவ்வொரு சட்டமாக எடுத்துத் துடைத்து எண்ண வேண்டும். வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். மாத்திரை தீர்ந்ததைக் கவனிக்கவில்லை. இது சத்தியம். வார முடிவில் பார்த்தால் அம்மாவின் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மேலே வர நேரமெடுத்தது. அந்தக் குழியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அக்கா உடனே, "அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டாள். தம்பி அதே கேள்வியைக் கேட்டான். நான் பதில் எழுதுவதற்குள் அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டரை மாற்றலாமா, யார் அவரிடம் பேசுவது, அக்கா வர முடியுமா என்று. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "ரெண்டும் பேசிக்குதுங்களா?" என்று கேட்டாள். மாத்திரையை அன்றைக்கே வாங்கி வந்தேன். வீக்கம் வடிந்தது. அவர்கள் பேச்சும் வடிந்தது.

இனி நான் சொல்வதை நீங்கள் நிதானமாகக் கேட்க வேண்டும்.

நான் அம்மாவுக்கு எதையும் கொடுக்கவில்லை. விஷம், அது, இது என்று வெளியே பேசுகிறார்களாம். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சில நாட்கள் ஒன்றைக் கொடுக்காமல் இருந்தேன். வீக்கம் வந்ததும் படம் போடுவேன். அவர்கள் பேசத் தொடங்கியதும் கொடுக்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு தடவை வீக்கம் வரத் தாமதமானபோது சாப்பாட்டில் உப்பைச் சற்றுக் கூட்டினேன். அம்மா ரொம்ப நாளைக்கப்புறம் ருசியாக இருக்கிறது என்றாள். எவ்வளவு தூரம் போகலாம் என்பது எனக்குப் பழகிவிட்டது. கண்ணாடியை இழைக்கிற மாதிரிதான். கொஞ்சம் கொஞ்சமாக இழைத்துச் சட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே அடியாக இழைத்தால் உடைந்துவிடும்.

அவர்களைக் குற்றம் சொல்லுங்கள். அம்மா நன்றாக இருக்கிறாள், ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ஸை வேடிக்கை பார்க்கிறாள் என்று நான் போட்ட படங்களுக்கு ஒரு கட்டைவிரல்கூட வராது. வீங்கின காலுக்கு வரும். நல்ல செய்திக்கு வாய் திறக்காத பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான்? எத்தனையோ நாள் போனைச் சுவரில் அடிக்கலாம் போல வரும். அடிக்க மாட்டேன். எடுத்து வைத்துவிட்டு, சாப்பாடு போட்டுக் கொடுப்பேன்.

நடுவில் சித்தப்பா, அவர் பிள்ளைகள், அத்தை எல்லோரும் அம்மாவின் உடம்பைப் பற்றி என்னைத் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதி மாளவில்லை என்பதால் ஒரு பெரிய குழு ஆரம்பித்தேன். அதில் அன்றாடம் ஒரு சிறு வீடியோ. நான் அம்மாவின் காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது, நெற்றியைத் துடைப்பது, அப்படி. 'உன்னைப் போல ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்' என்று அத்தை எழுதினாள். கைகூப்பின படங்கள் வரிசையாக வரும். யாரோ ஒரு வீடியோவை வெளியே பகிர்ந்துவிட, கடை முதலாளி அதை வாடிக்கையாளர்களிடம் காட்டி, "இவர்தான் அந்தப் பையன்" என்றார். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன் என்றால், அது மரியாதைக்காக.

போன மாதம் தம்பி குடும்பத்தோடு வந்தான். அக்காவும் வந்தாள். நான் எதிர்பார்த்ததற்கும் மேலேயே நடந்தது. முதல் நாள் ஒருவரையொருவர் பார்க்காமல் சுற்றினார்கள். இரண்டாம் நாள் சமையலறையில் அக்கா தம்பி மனைவியிடம், அந்த இதயக் குறியை யோசிக்காமல் வைத்துவிட்டேன் என்றாள். அவளும், எழுதிவிட்டு அன்றைக்கே அழித்துவிட நினைத்தேன், ஆனால் அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருடச் சண்டை, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது. அப்புறம் மூவரும் ஹாலில் தரையில் உட்கார்ந்து, சின்ன வயதில் தம்பி தூக்கத்தில் நடந்து பக்கத்து வீட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்ட கதையைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மூவர் என்றால் அக்கா, தம்பி, அம்மா. நான் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தேன். அவனைத் தேடிக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தவன் நான். கதையில் அந்தப் பகுதி வரவில்லை.

தம்பி கிளம்புமுன் என் போனை வாங்கி ஏதோ செய்து கொடுத்தான். அம்மாவை எடுக்கிற படம், வீடியோ எல்லாம் இனி எல்லோருக்கும் பொதுவான ஓர் ஆல்பத்தில் தானாகவே போய் விழும், நீ ஒவ்வொன்றாக அனுப்பிக் கஷ்டப்பட வேண்டாம் என்றான். சரி என்றேன். இந்த மாதிரி விஷயங்களில் அவன் கெட்டிக்காரன்.

அவர்கள் போன மறுவாரம் அம்மா தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். எடுத்தபோது மேலே ஒரு புதுக் குழு இருந்தது. அக்கா, தம்பி, அம்மா. என்னைச் சேர்க்கவில்லை. மேலிருந்து கீழாக வாசித்தேன். அம்மாவை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போவதாக முடிவாகியிருந்தது. அங்கே கீழ்த்தளம், பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரி. தம்பி வருடத்தில் ஒரு மாதம் வந்து இருப்பான். 'அவன் ரொம்ப நாளா தனியா இழுத்துட்டு இருக்கான். பாவம், அவனுக்கும் ஓய்வு வேணும். இப்பவே சொன்னா மனசு கஷ்டப்படுவான். டிக்கெட் போட்டுட்டுச் சொல்லிக்கலாம்' என்று அக்கா எழுதியிருந்தாள். தம்பி எப்போதும் போடுகிற கட்டைவிரல் போடவில்லை. இதயம் வைத்திருந்தான்.

நான் கோபப்படவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். அன்றைக்கு ஒருவருக்குக் கண்ணாடியை மாற்றி இழைத்துவிட்டேன், வலதை இடதில். முதலாளி திட்டவில்லை. "வீட்டுக் கவலை, பாவம்" என்றார்.

அந்த வாரம்தான் அம்மா என்னிடம் பேசினாள். துவைக்கப் போட்ட என் சட்டையை மடியில் வைத்திருந்தாள். உள்ளங்கையில் அதன் பையிலிருந்து எடுத்த மாத்திரைகள்.

"இது என் நீர் மாத்திரைதானே?"

கொடுக்க மறந்துவிட்டேன் என்றேன்.

"ஒரு நாள் மறக்கலாம். இதுல அஞ்சாறு இருக்கே."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கடையில் நேரமாகிவிட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்டா. முதல்ல ஒரு தடவை கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. ரெண்டும் பேசிக்குதுங்களேன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு. இப்ப அதுங்க சேர்ந்தாச்சு. இனிமே ஒழுங்கா மாத்திரையக் குடு."

சரி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நீயும் உன் வாழ்க்கையப் பாரு."

என் வாழ்க்கை என்று எதைச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. அம்மா இதற்கு உடந்தை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தெரிந்திருந்தது. அதை நீங்கள் குறித்துக்கொள்வது நல்லது.

அக்கா வீட்டுக்குப் போகிற ரயில் புதன்கிழமை. அதற்கு முந்தின வாரம் மாத்திரை தீர்ந்தது. மருந்துக் கடையில் வரவில்லை, நாளைக்கு வரும் என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். அம்மாவின் போன் திரையில் ஒரு கீறல் இருந்தது, மாற்றித் தருகிறேன் என்று வாங்கிக் கடை மேஜைக்குள் வைத்திருந்தேன். அக்கா என்னிடம் கேட்டாள். தூங்குகிறாள், நன்றாக இருக்கிறாள் என்று எழுதினேன். சேர்ந்தவர்கள் நிலைக்க வேண்டுமே என்றுதான். அவர்களை எனக்குத் தெரியும். ஒரு மாதம்கூடத் தாங்காது. கடைசியாக ஒரே ஒரு தடவை பயந்தால், அப்புறம் ஆயுசுக்கும் பிரிய மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். மூச்சு விடும்போது குழாயில் தண்ணீர் அடைத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம். நான் வீடியோ எடுத்தேன். ஜன்னல் அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் கறுப்பாக விழுந்தது. அதனால் நாற்காலியைத் திருப்பச் சொன்னேன். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நானே நாற்காலியோடு திருப்பி வைத்து இன்னொரு தடவை எடுத்தேன். இரண்டாவதைத்தான் இரண்டு குழுக்களிலும் போட்டேன். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று கீழே எழுதினேன்.

அப்புறம் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பள்ளிக்கூடத்தில் வைத்த ஏதோ பயிற்சிக் கூட்டத்தில் அக்கா இருந்தாள். தம்பிக்கு அங்கே தூங்கும் நேரம். பெரிய குழுவில் முதலில் அத்தை பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள். நான் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு நீல டிக் விழுந்தது. தம்பிக்கு விழவில்லை. இருவரும் பார்க்கட்டும், ஒருவர் பார்த்து ஒருவர் பார்க்காமல் போனால் அதை வைத்து வேறு ஒரு சண்டை வரும் என்று நினைத்தேன். தம்பிக்கு டிக் விழுந்ததும் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அவர்கள் வந்து மாடி ஏறியபோது அம்மாவின் கை கைப்பிடியை விட்டிருந்தது.

தம்பி அடுத்த விமானத்தில் வந்தான். காரியங்கள் எல்லாம் நல்லபடி முடிந்தன. வந்தவர்கள் எல்லோரும் முதலில் என்னிடம் வந்துதான் கையைப் பிடித்தார்கள். எல்லாம் முடிந்து நாங்கள் மூவரும் வீட்டில் இருந்தபோது, தம்பி அம்மாவின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று அந்தப் பொது ஆல்பத்தைத் திறந்தான். நான் போடாமல் விட்ட முதல் வீடியோ அதில் தானாகவே போய் விழுந்திருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். அவன் ஓட்டினான். இருட்டு முகம், குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மூச்சு விட முடியலடா. வண்டிக்குச் சொல்லு."

"ஒரு நிமிஷம்மா. முகம் தெரியல. இந்தப் பக்கம் திரும்பு."

"மாத்திரை வந்துச்சா?"

"வந்துரும். கொஞ்சம் நிமிர்ந்து உட்காரு."

தம்பி அதை மறுபடி ஓட்டினான். நான் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன், இப்போது உங்களிடம் சொல்வது போலவே, ஆரம்பத்திலிருந்து. யாரும் கேட்கவில்லை. அக்கா மட்டும் ஒன்று கேட்டாள்.

"அம்மா உன்கிட்ட வண்டிதானேடா கேட்டா?"

ஆமாம் என்றேன். அவள் எழுந்து போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சிறிது நேரத்தில் உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்தார்கள்.

முந்தைய தடவைகளில் அவள் பிழைப்பாள் என்று எனக்குத் தெரியும், பிழைக்க வேண்டும் என்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படி இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். புதன்கிழமை காலையில் அவளை ரயிலில் ஏற்றிவிட்டு, படி ஏறி வந்து கதவைத் திறக்கிறதை நினைத்துப் பார்த்தேன். பெரிய குழுவில் அன்றைக்கு என்ன போடுவது என்று யோசித்தேன். அந்த யோசனையோடுதான் மாத்திரை வாங்காமல் இருந்தேன். ஆம்புலன்ஸுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது. ஆமாம் மேடம், அம்மாவைக் கொன்றது நான்தான். இதில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். சற்று முன் கதவு திறந்தபோது பார்த்தேன். அவர்கள் இருவரும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா தம்பியின் தோளில் சாய்ந்திருந்தாள், அவன் அவள் கைப்பையைத் தன் மடியில் வைத்திருந்தான். போன வருடம் இவர்களை ஒரே அறையில் உட்கார வைக்க முடியாது. உங்கள் ஆட்களில் யாரிடமாவது சொல்லி அதை ஒரு படம் எடுத்து வையுங்கள். இப்போது கோபத்தில் இருக்கிறார்கள். ஆறட்டும். இது யாரால் ஆனது என்று என்றைக்காவது ஒருநாள் எனக்கு நன்றி சொல்ல வருவார்கள்.